குழிக்குள் உட்கார்ந்தவர்

எங்கள் சபையில் கல்லறைக் குழி வெட்டுவதற்குக் கூலிக்கு ஆள் வைப்பதில்லை. தெருவுக்கு ஒரு முறை என்று சுற்றி வரும். துக்க மணி அடித்தால், முறை வந்திருக்கிற தெருவிலிருந்து நான்கு பேர் மண்வெட்டி, கடப்பாரையோடு கல்லறைத் தோட்டத்துக்குக் கிளம்பிவிட வேண்டும். செத்தவர் சொந்தமா, சண்டைக்காரரா என்று கேட்கக் கூடாது. துக்க வீட்டிலிருந்து அவர்களுக்கு டீயும் போண்டாவும் போகும். அவ்வளவுதான். இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. வெட்டிய குழியை ஆள் வைக்காமல் வெறுமனே மூடக் கூடாது. மூடினால் அதே தெருவில் சீக்கிரமே இன்னொரு சாவு விழும் என்று ஒரு பயம். பி.எஸ்சி. இயற்பியல் முடித்து வந்த புதிதில் இதைக் கேட்டு நான் சிரித்திருக்கிறேன். இப்போது சிரிப்பதில்லை. நம்ப ஆரம்பித்துவிட்டேன் என்றில்லை. அந்தப் பயத்துக்கு எங்கள் குடும்பம் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது.

அன்று மணி அடித்தது என் அத்தைக்காக. நைனாவுக்கு அக்கா. வயசுப் பெண்ணாக நடவு வேலைக்குப் போன இடத்தில், ஏரிக்கரை ஓரமாகக் குடியிருக்கும் இருளர் குடும்பத்து ஆள் ஒருவரைப் பிடித்துப்போய், அவரைக் கட்டிக்கொண்டு அங்கேயே போய்விட்டவள். எங்கள் ஊரிலிருந்து உத்திரமேரூர் போகிற சாலையில் நின்று பார்த்தால் அவள் குடிசை தெரியும். அவ்வளவு பக்கம். ஆனால் சபைக்காரர்கள் அவளைப் பற்றிப் பேசும்போது ஏதோ கப்பலேறிப் போனவளைப் போலத்தான் பேசுவார்கள். சபைப் பேரேட்டிலிருந்து யாரும் அவளை நீக்கவில்லை, கூப்பிடவும் இல்லை. கிறிஸ்துமஸுக்கு மட்டும் தானாக வருவாள். செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பாட்டுக் குழுவைவிட ஒரு வரி முன்னாலேயே சத்தமாகப் பாடிக்கொண்டு போவாள். குழு அவளைப் பிடிக்க ஓடும்.

என்னால் ஓர் இடத்தில் இருக்க முடியாது. ஏரிக்கு வருகிற பறவைகளைப் பற்றி யூடியூப் சானல் தொடங்கினேன், விட்டேன். மொட்டை மாடியில் காளான் வளர்த்தேன், குரங்கு வந்து தின்றது. குரூப் தேர்வுக்குப் படிக்கிறேன், படித்துக்கொண்டே இருக்கிறேன். விடாமல் செய்த ஒரே காரியம், அத்தை வீட்டு வாசலில் அந்தக் குடியிருப்புப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் எடுத்த டியூஷன். அதுவும் என் பெருமை இல்லை. ஒருநாள் போகாவிட்டால் அத்தை போன் செய்வாள்.

"இன்னாடி, வாத்தியாரம்மாவுக்கு இன்னிக்கி லீவா? எந்த கெவர்மெண்ட் வுட்டுச்சி?"

"தல வலிக்குது அத்த."

"இங்க வந்து வலிக்கட்டும். பசங்க சிலேட்ட வெச்சிக்கினு குந்திக்கினு கீது."

அப்படிப் போய்ப் போய்த்தான் அவள் ஆசை எனக்குத் தெரிந்தது. ஏரிக்கரைக்காரர்களுக்கென்று தனியாக இடுகாடு இல்லை. கரைக்கு உள்பக்கம் ஒரு துண்டு நிலத்தில் புதைப்பார்கள். நல்ல மழை பெய்து ஏரி நிரம்பினால் அந்த இடம் தண்ணீருக்குள் போய்விடும். மாமியாரைப் புதைத்த இடத்தின் மேல் மீன் குதித்ததை அவள் பார்த்திருக்கிறாள்.

"என்ன மட்டும் தண்ணில போட்டுடாதீங்கடி," என்பாள். "எங்கம்மா பக்கத்துல ஒரு ஆளு படுக்கற எடம் காலியா கீது. போன கிறிஸ்மஸுக்கு வந்தப்பகூட பாத்துட்டுத்தான் வந்தேன்."

"பஸ்ஸுல துண்டு போட்ட மாரி போட்டு வெச்சிக்கிறியா?"

"ஆமாண்டி. எந்திரிச்சி போன்னு எவனாவது சொல்லிடுவான்."

சொன்னார்கள்.

புரட்டாசி முடிகிற சமயம், விடிகாலையில் அவளுக்கு மூச்சு நின்றது. நைனா அழுதுகொண்டே ஓடிவந்து மணி அடிக்கச் சொன்னார். சபைச் செயலாளருக்குப் போன் போட்டார். அவர் தாம்பரத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தார், எடுக்கவில்லை. எங்கள் சபைப் போதகரை ஐயர் என்போம்; உத்திரமேரூரில் இருக்கும் அவருக்கும் போட்டார். ஐயர் சாயங்காலம் வருவதாகச் சொன்னார். மணி அடித்ததைக் கேட்டு, முறைக்காரத் தெருவிலிருந்து நான்கு அண்ணன்மார்கள் கிளம்பிவிட்டார்கள். நால்வரும் ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள். நைட் ஷிப்ட் முடித்து அப்போதுதான் வேனிலிருந்து இறங்கியிருந்தார்கள். நாஷ்டா தின்றுவிட்டுப் படுக்க வேண்டிய நேரம்.

அவர்கள் ஒரு தப்பு செய்தார்கள். எங்கள் சபையில் செயலாளர் வந்து ஒரு குச்சியை நட்டுக் காட்டிய பிறகுதான் மண்ணில் கடப்பாரை போட வேண்டும். எந்த இடம் என்பதை முடிவு செய்வது அந்தக் குச்சிதான். இவர்களோ தூக்கக் கலக்கத்தில், செத்தது இன்னாருடைய மகள் என்றதும், நேராக அந்த அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் போய் வெட்ட ஆரம்பித்துவிட்டார்கள். சொல்லப்போனால் அத்தை பார்த்துவைத்திருந்த அதே இடம். அவர்களுக்கு அது தெரியாது.

மதியம் தாண்டி நான் தூக்கில் டீயும் ஒரு பை போண்டாவுமாகப் போனேன். குழி மார் அளவு இறங்கியிருந்தது. உள்ளே நின்று வெட்டிக்கொண்டிருந்தவர் நால்வரில் மூத்தவர். மேலே மூன்று பேர் மண்ணை இழுத்துக் குவித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்குக் கண் சிவந்து கிடந்தது. நான் டம்ளர்களை எடுத்து வரிசையாக வைத்தபோது செயலாளரின் கார் வந்து நின்றது.

இவரைப் பற்றி நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். கல்லறைத் தோட்டத்துக்குச் சுற்றுச்சுவர் வந்தது இவரால்தான். எங்கள் தெருப் பையன்கள் பாதிப் பேருக்குக் கம்பெனி வேலை வாங்கிக் கொடுத்தவர். ஆள் எடுக்கிற காண்ட்ராக்ட் இவருடையது, தினமும் ஆட்களை ஏற்றிப் போகிற வேன் இவருடையது. அந்த நால்வரும் இவர் வேனில்தான் போய்வந்தார்கள். ஊரில் எல்லோருக்கும் இவர் பெரிப்பா. அதட்டிப் பேசிப் பார்த்ததில்லை. அன்றும் அதட்டவில்லை.

"இன்னாடா இது?"

"குயி, பெரிப்பா," என்றார் உள்ளே இருந்த மூத்த அண்ணன்.

"கண்ணு தெரியுது எனக்கு. யார கேட்டு வெட்டறீங்க?"

"மணி அடிச்சிது. வந்தோம்."

"மணி அடிச்சா வந்துடறதா? குச்சி நட்டனா நானு?"

நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குச்சி ஞாபகமே அப்போதுதான் வந்தது என்பது முகத்தில் தெரிந்தது. "அவங்க அம்மா இங்கதான கீது, அதான்," என்று கண் சிவந்தவர் இழுத்தார்.

செயலாளர் என் பக்கம் திரும்பினார். "பாப்பா, நைனாவாண்ட போய் சொல்லு. துக்கத்துல கீறான், அவன நான் ஒன்னும் சொல்லல. ஆனா உங்க அத்த அந்தப் பக்கம் போனவ. ஏரிக்கரைல எடம் கீதுல்ல, அங்க வெச்சிக்கட்டும். ஜெபத்துக்கு ஐயர நானே அனுப்பறேன். இவள இங்க வுட்டா நாளிக்கி அந்த ஜனம் மொத்தமும் எங்களுக்கும் எடம் குடுன்னு வந்து நிக்கும். இருக்கறதே இவ்ளோண்டு எடம்."

"பெரிப்பா, அங்க மய பெஞ்சா தண்ணி..." என்று தொடங்கினேன். அவ்வளவுதான் வெளியே வந்தது, ஆனால் உள்ளே ஒரு பெரிய பேச்சு தயாராகிக்கொண்டிருந்தது. சட்டம், கலெக்டர் மனு, போனில் வீடியோ, பரலோகத்தில் யாருக்கு எந்த வரிசை என்பது வரைக்கும். வாய் எனக்கு எப்போதும் காலைவிட வேகம்.

மூத்த அண்ணன் குழிக்குள்ளிருந்து தலையை மட்டும் தூக்கி, "பாப்பா, நீ டீ ஊத்து," என்றார்.

ஊற்றினேன்.

செயலாளர் மேலே நின்ற மூவரையும் பார்த்து, ஏதோ ஜன்னலைச் சாத்தச் சொல்வது போலச் சொன்னார். "மூடுங்கடா."

ஒருவர் மண்வெட்டியை மண் குவியலில் குத்தி நிறுத்தினார். கைப்பிடியை விட்டுவிட்டார். அடுத்தவரும் அப்படியே. மூன்றாமவர் மண்வெட்டியைப் படுக்க வைத்துவிட்டு, கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார். ஒருவரும் முறைக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கீழே விழுந்த ஒரு ரூபாயைத் தேடுகிறவர்கள் போல இருந்தார்கள்.

உள்ளே இருந்த அண்ணன் குழியின் அடியில் சாவகாசமாக உட்கார்ந்து, முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டார்.

"காதுல உழுலயா?"

"உழுந்துது, பெரிப்பா."

"அப்பறம்?"

"வெறுங்குயிய எப்பிடி மூடறது? யாரையாவது வெச்சித்தான மூடணும்." கொஞ்சம் யோசித்தார். "நான் கீறேன். வெச்சி மூடுங்க."

மேலே நின்ற ஒருவருக்குச் சிரிப்பு வந்து, அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

"நக்கலு. ராத்திரி வேன்ல எப்பிடி ஏர்றன்னு பாக்கறேன்."

"அது ராத்திரிக்கி பெரிப்பா. பாப்பா, டீய இப்பிடி எறக்கு."

குனிந்து டம்ளரைக் கொடுத்தேன். கொஞ்சம் சிந்தியது. அவர் இரண்டு கையாலும் இறுகப் பிடித்து வாங்கிக்கொண்டார். வேன் இல்லையென்றால் அவர் வீட்டில் என்ன ஆகும் என்று தெரு முழுக்கத் தெரியும். வீடு கட்டத் தொடங்கி லிண்டல் மட்டத்தில் நிற்கிறது. இரண்டாவது பிள்ளைக்கு ஆறு மாதம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சின்னப் பிள்ளைகளுக்கு வேதபாடம் எடுக்கிறேன். பழைய ஏற்பாட்டில் எனக்கு ரொம்பப் பிடித்தவர்கள் அந்த எபிரெய மருத்துவச்சிகள் இருவர். ஆண் குழந்தை பிறந்தால் கொன்றுவிடு என்று எகிப்து ராஜா கட்டளை போடுகிறான். அவர்கள் கொல்லவில்லை. ஏன் என்று கேட்டால், எங்கள் பெண்கள் உங்கள் ஊர்ப் பெண்கள் மாதிரி இல்லை, பலசாலிகள், நாங்கள் போவதற்குள் பெற்றுவிடுகிறார்கள் என்று ராஜா முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டு வருகிறார்கள். வாய் உள்ளவர்களின் கதை. எனக்குப் பிடிக்காமல் இருக்குமா? வகுப்பில் பிள்ளைகள் அதை நடித்துக் காட்டும்போது ராஜாவாக இருக்க யாரும் வர மாட்டார்கள், எல்லாரும் மருத்துவச்சிதான்.

இன்னொரு கதை உண்டு. அதை நான் வகுப்பில் எடுத்ததே இல்லை. இஸ்ரவேலின் முதல் ராஜா கையில் ஈட்டியோடு ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறான். அவனிடமிருந்து தப்பி ஓடுகிற ஒருவனுக்கு ஓர் ஊர் ஆசாரியர் பசிக்கு அப்பம் கொடுத்துவிட்டார். அதற்காக அந்த ஊர் ஆசாரியர்கள் அத்தனை பேரையும் வெட்டிப் போடச் சொல்லித் தன்னைச் சுற்றி நின்ற காவலர்களுக்குக் கட்டளை போடுகிறான். காவலர்கள் கையைத் தூக்கவில்லை. கதையில் அவர்களுக்கு இருப்பது அந்த ஒரு வரிதான். பேர் கிடையாது. என்ன பேசினார்கள், அப்புறம் என்ன ஆனார்கள், ஒன்றும் கிடையாது. அடுத்த வரியிலேயே ராஜா வேறொருவனைக் கூப்பிடுகிறான். அவன் வெளிநாட்டான், அவன் வந்து வெட்டிவிடுகிறான். பேச்சும் இல்லை, ஜெயிக்கவும் இல்லை, இதில் பிள்ளைகளுக்கு எதை நடிக்கக் கொடுப்பது என்றுதான் அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன்.

அந்தக் குழியின் ஓரத்தில், டீத் தூக்கை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றபோதுதான் அந்த ஒரு வரி எப்படி இருக்கும் என்று பார்த்தேன். பதில் தெரியாமல், கோபம்கூட இல்லாமல், கை மட்டும் எழாமல் நிற்பது. நான் எடுத்து வைத்திருந்த பேச்சு அவ்வளவும் அந்த இடத்துக்கு அதிகமாகத் தெரிந்தது.

அடுத்த வரியும் எங்களுக்கு வந்தது. செயலாளர் கார் பக்கம் திரும்பி டிரைவரைக் கூப்பிட்டார். டிரைவர் செய்யாறு பக்கத்து ஆள், வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. எங்கள் சபையும் இல்லை, எங்கள் ஊர்ப் பயமும் அவருக்குக் கிடையாது. "அந்த மம்புட்டிய எடுத்து மண்ண தள்ளுப்பா. மேல உழுந்தா தானா எந்திரிப்பான்," என்றார் செயலாளர்.

டிரைவர் சட்டைக் கையை மடித்துவிட்டு மண்வெட்டியை எடுத்தார். ஒரு வாரு மண்ணை உள்ளே தள்ளினார். அது அண்ணனின் காலில் விழுந்தது. அவர் காலை உதறவில்லை. இன்னொரு வாரு. அது தோளிலும் தலையிலும் விழுந்தது. மேலே நின்ற மூவரும் ஓர் அடி முன்னால் வந்தார்கள். இதோ அடிதடி ஆகிவிடும் என்று நினைத்தேன்.

உள்ளேயிருந்து அண்ணன் கையை மேலே நீட்டினார். கையில் பாதி டீயோடு டம்ளர்.

"ண்ணா, இத்த கொஞ்சம் புடி. மண்ணு உழுது."

டிரைவர் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு டம்ளரை வாங்கிக்கொண்டார். யோசித்துச் செய்யவில்லை. ஒருவர் டம்ளரை நீட்டினால் வாங்கத்தான் தோன்றும். வாங்கிய பிறகு அதை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். உள்ளே தலையெல்லாம் மண்ணோடு உட்கார்ந்திருக்கிறவரைப் பார்த்தார், கையிலிருந்த டீயைப் பார்த்தார். என் உடம்பில் இருக்கிற வேகமெல்லாம் அப்போதுதான் ஒரு காரியத்துக்கு ஆனது. புது டம்ளர் ஒன்றை எடுத்து நிறைய ஊற்றி அவர் முன்னால் நீட்டினேன். "இது உங்களுக்கு. அது ஆறிப்போச்சி," என்றேன்.

துக்க வீட்டு டீ. வேண்டாமென்று சொல்வது எந்த ஊரிலும் மரியாதை இல்லை. அவர் வாங்கிக் குடித்தார். நின்றபடியே முழுக்கக் குடித்துவிட்டு, டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். செயலாளரைப் பார்க்காமல் போய்க் காரில் உட்கார்ந்துகொண்டார்.

"யோவ்," என்றார் செயலாளர். டிரைவர் ஜன்னலை ஏற்றிவிட்டார்.

செயலாளர் போனை எடுத்தார், யாரையோ அழைத்தார், வைத்தார். தானே மண்வெட்டியை எடுப்பாரோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். குனியக்கூட இல்லை. "நீங்க நாலு பேரும் இனிமே வேன் பக்கம் வராதீங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு வாசல் பக்கம் போய் நின்றார். அவர் போன பிறகும் அண்ணன் எழுந்திருக்கவில்லை. "எந்திரிச்சா வந்துருவாரு," என்று என்னிடம் மெல்லச் சொன்னார். "பாப்பா, போண்டா மிச்சம் கீதா?"

வெயில் சாய்கிற நேரத்தில் பெட்டி வந்தது. நைனா ஒரு பக்கம், ஏரிக்கரைக்காரர்கள் மூன்று பக்கம் என்று தூக்கி வந்தார்கள். அத்தையைக் கட்டிய மாமா முன்னால் நடந்து வந்தார். எங்கள் கல்லறைத் தோட்டத்து வாசலுக்குள் அவர் அதுவரை வந்ததில்லை. நைனாவின் அம்மா செத்தபோதுகூட மருமகன் வெளியே புங்க மரத்தடியில்தான் நின்றாராம். வாசலில் செயலாளர் நின்றுகொண்டிருந்தார். மறிக்கப் போகிறார் என்று எல்லாருக்கும் ஒரு தயக்கம், நடை தளர்ந்தது. அவர் பெட்டியைப் பார்த்தார். காலிலிருந்து செருப்பைக் கழற்றினார். அது வெறும் பழக்கமாக இருக்கலாம், சின்ன வயதில் தெருவில் சேர்ந்து விளையாடியவளின் பெட்டி என்பதாலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. நகர்ந்து வழிவிட்டார். அந்தச் செருப்பைக் கழற்றியதற்கும் நான் அவருக்கு நன்றியோடுதான் இருக்கிறேன். அவரிடம் சொன்னதில்லை.

பெட்டிக்கு முன்னால் வந்த மாமாதான் முதலில் குழியருகே வந்து சேர்ந்தார். உள்ளே ஒரு ஆள் மண்ணோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஒரு விநாடி திகைத்தார்.

"காலு மரத்துப்போச்சி மாமா," என்றார் அண்ணன். "ஒரு கை குடுங்க."

மாமா குனிந்து கையைக் கொடுத்தார். அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டு, இரண்டு தடவை வழுக்கி, மேலே ஏறினார். இருவரும் கொஞ்ச நேரம் அப்படியே கையைப் பிடித்தபடி நின்றார்கள். மாமாவுக்கு நடந்தது ஒன்றும் தெரியாது. யாரும் அவரிடம் சொல்லவுமில்லை.

ஐயர் ஸ்கூட்டரில் வந்தார். வாசலில் செயலாளர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னதைப் பார்த்தேன். ஐயர் கேட்டுக்கொண்டார், தலையை ஆட்டவில்லை. நேராக உள்ளே வந்து அங்கியை மாட்டிக்கொண்டே, "ஆழம் போதுமாப்பா?" என்றார்.

"போதும் ஐயரே. ஒக்காந்தே பாத்துட்டேன்."

அத்தையை அவள் அம்மாவுக்குப் பக்கத்தில் வைத்தோம். பாட்டுப் பாடும்போது ஏரிக்கரைப் பிள்ளைகள் எங்களைவிட ஒரு வரி முன்னால் போனார்கள். அவர்களுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தது அவள்தானே. யாரும் அவர்களை நிறுத்தவில்லை.

அன்று ராத்திரி வேன் எங்கள் தெருவில் வந்து நின்றது. மற்றவர்கள் ஏறினார்கள். அந்த நால்வரும் வாசலுக்கே வரவில்லை. வேனில் ஏறியவர்களில் யாரும் இறங்கவில்லை. நான் அவர்களைக் குறை சொல்லவில்லை, எல்லார் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். ஆனால் நடந்தது அதுதான், அதனால் எழுதுகிறேன். இரண்டு பேருக்கு அந்த மாதமே ராஜகுளத்துப் பக்கம் ஒரு குடோனில் வேலை கிடைத்தது, பழையதைவிடக் குறைந்த சம்பளத்துக்கு. ஒருவர் மச்சானின் லோடு ஆட்டோவை ஓட்டுகிறார். மூத்த அண்ணனுக்கு மட்டும் ரொம்ப நாள் ஒன்றும் சரியாக அமையவில்லை. கொத்து வேலை, வைக்கோல் ஏற்றுகிற வேலை என்று கிடைத்ததற்குப் போய்வந்தார். வீடு லிண்டல் மட்டத்திலேயே நின்றது.

எனக்கு நன்றியை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியவில்லை. முதலில் நால்வருக்கும் சபையில் சால்வை போடலாமா என்று யோசித்தேன். யார் போடுவார்கள், செயலாளரா? அந்த யோசனை அதோடு போயிற்று. பிறகு மூத்த அண்ணன் வீட்டுக்கு நேரிலேயே போனேன். அவர் இல்லை. அண்ணி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணிக்கும் சேத்து தேங்க்ஸ் சொல்லணும்னு வந்தேன்."

"எனக்கு எதுக்கு? நானா போயி குயில குந்தனேன்?" துணியை உதறினாள். தண்ணீர் என் முகத்தில் தெறித்தது. "ஊருக்கெல்லாம் நல்லவரு. வூட்ட பாரு, வானத்த பாத்துக்கினு கீது. உங்க அத்தைக்கி எடம் கெடச்சிது. எம் புள்ளைங்களுக்கு கூரை?"

முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றேன். அவள் பக்கெட்டிலிருந்த கடைசித் துணியையும் பிழிந்து போட்டுவிட்டு, என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "மூடிட்டு வந்திருந்தாலும் திட்டித்தான் இருப்பேன். சாப்ட்டியா?"

அண்ணனை அப்புறம் ஒரு நாள் டீக்கடையில் பிடித்தேன். எப்படி அண்ணா அப்படி உட்காரத் தோன்றியது, வேன் போய்விடும் என்று தெரியாதா என்றெல்லாம் கேட்டேன். கையில் போன் இருந்தது, பதிவு செய்யலாமா என்றுகூட ஓர் எண்ணம். அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"பேஜார் பண்ணாத பாப்பா. நைட்டு முழுக்க தூக்கம் இல்ல, மூளையே ஓடல. பெரிப்பா மூடுன்னாரு. கை வரல. அவ்ளோதான்."

"கை வரலன்னா?"

"கை வரலன்னா கை வரல. வெட்டிக்கினு இருக்க சொல்ல உங்க அத்த பாட்டுத்தான் மண்டைல ஓடிக்கினு இருந்துச்சி. நம்ம கோஷ்டிக்கி முன்னாடி முன்னாடி போவுமே. அதுல எப்பிடி மண்ணப் போடறது?" டீயை முடித்துவிட்டு எழுந்தார். "இத்தப் போயி போன்ல கீன்ல போட்டுக்கினு இருக்காத. எனக்கு இன்னொரு வேன் வேல பேசிக்கினு கீறாங்க."

போடவில்லை. பேரும் எழுதவில்லை. இங்கே எழுதுவதை அவர் படிக்க மாட்டார், படித்தாலும் வேறு யாரையோ பற்றி என்று நினைத்துக்கொள்ளட்டும். ஆனால் வகுப்பில் இப்போது அந்தக் காவலர்கள் கதையை எடுக்கிறேன். நடிக்க ஒன்றுமில்லை என்று நினைத்தேனே, அது தப்பு. ராஜா கத்தும்போது சும்மா நிற்பது பிள்ளைகளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒருவனாவது நெளிந்துவிடுவான், ஒருத்தியாவது சிரித்துவிடுவாள். அடுத்தது வெளிநாட்டான் வருகிற இடம். அதையும் விடாமல் சொல்கிறேன். அவர்கள் நின்றும் அந்த ஊர் பிழைக்கவில்லை என்று சொல்லும்போது பிள்ளைகள் ஏமாந்துபோகிறார்கள். அப்படியானால் நின்றதுக்கு என்ன அர்த்தம் அக்கா என்று கேட்கிறார்கள். எங்களுக்கு அந்த முடிவு வரவில்லை என்பதை நினைத்துக்கொள்கிறேன். வந்திருந்தாலும் அந்த நால்வருக்கும் இதே நன்றியைச் சொல்லியிருப்பேனா? சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். பிள்ளைகளிடம் அதை இன்னும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

ஐப்பசி மழை அந்த வருஷம் சீக்கிரமே பிடித்துக்கொண்டது. கல்லறைத் திருநாளுக்கு முந்தைய வாரம் முழுக்கப் பெய்தது. ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் போகிற கலங்கல் வழிந்தது. கரைக்கு உள்பக்கம் அவர்கள் புதைக்கிற இடம் முழுக்கத் தண்ணீருக்குள் போய்விட்டது.

திருநாள் அன்று சாயங்காலம் எல்லாரும் மெழுகுவர்த்தியோடு வந்திருந்தோம். செயலாளர் தன் குடும்பத்தோடு அந்தக் கோடியில் நின்றிருந்தார். மாமா பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பிள்ளைகள் ஓடி வந்துவிட்டன. மாமா வாசலுக்கு வெளியே புங்க மரத்தடியிலேயே நின்றுவிட்டார். அன்றைக்குப் பெட்டியோடு வந்தார், இன்றைக்கு வெறுங்கையோடு எப்படி வருவது என்று யோசிக்கிறவர் போல இருந்தது. நான் ஓடிப்போய் அவரை அழைத்து வரக் கிளம்பினேன். என்னென்ன சொல்ல வேண்டும் என்பதுகூட மனசுக்குள் வரிசையாகி நின்றது.

அதற்குள் மூத்த அண்ணன், தன் அப்பாவின் சிலுவைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தவர், திரும்பிப் பார்க்காமலே சத்தமாகச் சொன்னார்.

"மாமா, இங்க ஒரு பக்கம் மண்ணு எறங்கிக்கினு கீது. நான் ஒரு ஆளு எத்தினி தபா நெரவறது? வந்து புடிங்க."

வேலைக்குக் கூப்பிட்டால் மாமா நிற்கிற ஆள் இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தார். வழியில் செயலாளர் குடும்பத்தைத் தாண்டித்தான் வர வேண்டும். அவர்கள் மெழுகுவர்த்தியைப் பார்த்துக்கொண்டார்கள். அத்தை மேட்டில் தலைமாட்டுப் பக்கம் மண் ஒரு சாண் உள்வாங்கியிருந்தது. அண்ணன் சுவரோரத்திலிருந்து மண் அள்ளி வந்து கொட்டினார். மாமா உட்கார்ந்து கையாலேயே அதைப் பரப்பி, தட்டி, மறுபடியும் பரப்பினார். பிள்ளைகள் ஏற்றிய மெழுகுவர்த்தி காற்றில் அணைந்தது, மறுபடி ஏற்றின.

வேலை முடிந்ததும் மாமா உள்ளங்கையை மண்ணில் நன்றாக அழுத்தி எடுத்துப் பார்த்தார். இன்னோர் இடத்திலும் அழுத்திப் பார்த்தார்.

"தண்ணி நிக்கல," என்றார்.

அண்ணன் சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டார். "நிக்காது மாமா. இங்க மேடு," என்று சொல்லிவிட்டு, தன் அப்பாவின் சிலுவையில் விட்ட இடத்திலிருந்து அடிக்கப் போனார்.